கேஷ் அலைன்மென்ட் பேட்ச் 7 சதவீதம் வேகம் தருகிறது என்றால், அந்த 7 எங்கிருந்து வந்தது?

கேள்வியின் சுருக்கம் இது. லினக்ஸ் கெர்னலின் ஒரு நெட்வொர்க் டிரைவரில் க்யூவுக்கான ஸ்ட்ரக்ட் (பல ஃபீல்டுகளைச் சேர்த்து வைக்கும் டேட்டா அமைப்பு) 184 பைட். அடிக்கடி எழுதப்படும் ஸ்பின்லாக்கும் (ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விடும் பூட்டு), எல்லா கோர்களும் வாசிக்க மட்டுமே செய்யும் சில ஃபீல்டுகளும் அதில் ஒரே கேஷ் லைனில் (மெமரியிலிருந்து சிபியு ஒரே வீச்சில் எடுத்துவரும் துண்டில்) இருந்தன. கேட்டவர் லாக்குக்கு கேஷ் லைன் அலைன்மென்ட் ஆட்ரிபியூட்டை (இதை லைன் எல்லையில் தொடங்கு என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பை) சேர்த்து அதைத் தனி லைனுக்கு நகர்த்தியிருக்கிறார். ஸ்ட்ரக்ட் 256 பைட்டாகிவிட்டது. பெஞ்ச்மார்க்கை 30 முறை ஓட்டியதில் 7 சதவீத முன்னேற்றம். ஓட்டத்துக்கு ஓட்டம் அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் மெயின்டெய்னர், இது வெறும் லேஅவுட் மாற்றத்தால் வந்திருக்கலாம், காரணத்தைக் காட்டுங்கள் என்று பேட்ச்சைத் திருப்பி அனுப்பிவிட்டார். 30 முறை ஓட்டிய பிறகும் இன்னும் என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்கிறார்.

மெயின்டெய்னர் கேட்டது நியாயம். உங்கள் எண் பொய் என்று அவர் சொல்லவில்லை. நீங்கள் கட்டிய அந்த ஒரு கெர்னல் இமேஜ், அந்த ஒரு மெஷினில், அந்த ஒரு முறை பூட் செய்ததில் 7 சதவீதம் வேகமாகத்தான் ஓடியிருக்கும். அந்த வேகத்துக்குக் காரணம் லாக்கைப் பிரித்ததுதானா என்பதுதான் கேள்வி. ஆட்ரிபியூட் ஒன்றைச் சேர்த்தபோது நீங்கள் ஒரே சமயத்தில் பல விஷயங்களை மாற்றிவிட்டீர்கள். லாக் நகர்ந்தது. அதற்குப் பின்னால் வரும் எல்லா ஃபீல்டுகளின் ஆஃப்செட்டும் மாறியது. ஸ்ட்ரக்டின் அளவு கூடியதால் ஸ்லாப் அலொகேட்டர் (கெர்னலுக்குள் மெமரி ஒதுக்கும் பகுதி) அதை வேறு அளவுக்கான தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. ஆஃப்செட்கள் மாறியதால் கம்பைலர் எழுதிய இன்ஸ்ட்ரக்ஷன்களின் நீளம் ஓரிரு பைட் மாறி, அதற்கு அடுத்து வரும் ஃபங்ஷன்கள் வேறு முகவரியில் போய் உட்கார்ந்திருக்கும். இவற்றில் எது வேண்டுமானாலும் 7 சதவீதம் தரலாம். இது மிகைப்படுத்தல் இல்லை என்பதற்குக் கெர்னல் வரலாற்றிலேயே நல்ல சாட்சி இருக்கிறது.

2021ல் நடந்தது. இன்டெல் நடத்தும் கெர்னல் டெஸ்ட் ரோபோ, வில்-இட்-ஸ்கேல் என்ற பெஞ்ச்மார்க் தொகுப்பில் உள்ள எம்மேப்1 சோதனை 9.2 சதவீதம் மெதுவாகிவிட்டதாக அறிவித்தது. குற்றம் சாட்டப்பட்ட பேட்ச், ஃபோர்க் (ப்ராசஸ் தன்னை நகலெடுப்பது) நடக்கும்போது ஏற்படும் ஒரு ரேஸைத் (இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் பிழையை) தடுக்க, ப்ராசஸின் முகவரிவெளியை விவரிக்கும் எம்எம்_ஸ்ட்ரக்டில் ரைட்_ப்ரொடெக்ட்_சீக் என்ற 4 பைட் ஃபீல்டைச் சேர்த்தது. அவ்வளவுதான். அந்தச் சோதனையில் ஃபோர்க்கே முக்கியமில்லை. த்ரெட்கள் எல்லாம் ஒரே முகவரிவெளியில் எம்மேப் (mmap, மெமரியைக் கேட்டுப் பெறுவது), முன்மேப் (munmap, திருப்பித் தருவது) என்று மாறி மாறி அழைக்கின்றன. எனவே எல்லாரும் எம்மேப்_லாக் என்ற ஒரே பூட்டுக்கு முண்டியடிக்கிறார்கள். சிபியு நேரத்தில் சுமார் 95 சதவீதம் அந்தப் பூட்டுக்கான போட்டியிலேயே போனது.

இப்போது ஆஃப்செட்களைப் பாருங்கள். பேட்ச்சுக்கு முன் எம்மேப்_லாக் 120வது பைட்டில் தொடங்கியது. அது ஒரு ஆர்டபிள்யூ செமஃபோர், அதாவது வாசிப்பவர்கள் பலரையோ எழுதுபவர் ஒருவரையோ உள்ளே விடும் பூட்டு. அதன் முதல் 8 பைட் பூட்டின் நிலையைச் சொல்லும் கவுன்ட், அடுத்த 8 பைட் அதை யார் வைத்திருக்கிறார் என்று சொல்லும் ஓனர். கேஷ் லைன் 64 பைட் என்பதால் 120 முதல் 127 வரையுள்ள கவுன்ட் ஒரு லைனின் கடைசியில் நின்றது. 128ல் தொடங்கும் ஓனரும், காத்திருப்போருக்கான வரிசையும் அடுத்த லைனில் இருந்தன. புதிய ஃபீல்டு 4 பைட்தான் என்றாலும், பின்னால் வருபவை 8 பைட் எல்லையில் நிற்க வேண்டியிருப்பதால் எல்லாம் 8 பைட் தள்ளிப்போயின. லாக் 128ல் வந்து நின்றது. கவுன்ட்டும் ஓனரும் ஒரே லைனுக்குள் வந்துவிட்டன.

யாரிடம் கேட்டாலும் 128தான் நல்ல இடம் என்பார்கள். லாக் முழுவதும் ஒரே லைனில், அழகாக எல்லையில் தொடங்குகிறது. 120ல் இருப்பதோ இரண்டு லைன்களில் கால் வைத்து நிற்கிறது. ஆனால் இந்தச் சோதனைக்கு 120தான் மிகச் சிறந்த இடம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கான விளக்கத்தைக் கொடுத்தார். புதிதாக வருபவர் முதலில் கவுன்ட்டை மாற்ற முயல்கிறார். கிடைக்கவில்லையென்றால் மெதுவழிக்குப் போய் ஓனரைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார். இரண்டும் தனித்தனி லைனில் இருந்தால், புதிதாக வருபவர்களின் இழுபறி முதல் லைனோடு முடிந்துவிடும். ஏற்கெனவே காத்திருப்பவர்கள் இரண்டாவது லைனில் தொந்தரவில்லாமல் இருப்பார்கள். ஒரே லைனில் இருந்தால், வருகிற ஒவ்வொருவரும் காத்திருக்கிறவர்களிடமிருந்து அந்த லைனைப் பிடுங்குகிறார். போட்டி கடுமையாக இருக்கும்போது அந்தப் பிடுங்கல்தான் செலவு.

அந்த நல்ல லேஅவுட்டை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. முன்னால் இருந்த ஃபீல்டுகளின் அளவு தற்செயலாக அப்படிக் கூடியிருந்தது. எம்மேப்_லாக்குக்கு மேலே, கெர்னலைக் கட்டும்போது தேர்ந்தெடுக்கும் மூன்று கான்ஃபிக் விருப்பங்களைப் பொறுத்து வந்துபோகும் ஃபீல்டுகள் வேறு இருந்தன. வேறு கான்ஃபிக்கில் கட்டியவருக்கு அந்த 9.2 சதவீதம் கிடைக்காமலே போயிருக்கலாம், அப்படியென்றால் இழந்திருக்கவும் முடியாது. கடைசியில் செய்த திருத்தம் எளிமையானது. எம்எம்_ஸ்ட்ரக்டில் ஏற்கெனவே 4 பைட் ஓட்டை ஒன்று இருந்தது. புதிய ஃபீல்டை அங்கே போட்டார்கள், மற்றவை பழைய இடத்துக்குத் திரும்பின. ஸ்ட்ரக்டை மாற்றி அடுக்குவது இருபுறமும் கூரான கத்தி, ஒரு வேலைக்கு உதவுவது இன்னொன்றைக் கெடுக்கலாம் என்று அந்தத் திருத்தத்தின் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். போட்டியே இல்லாத நிலையில் கவுன்ட்டும் ஓனரும் ஒரே லைனில் இருப்பதுதான் லாபம், இரண்டு மிஸ்ஸுக்குப் (தேடியது கேஷில் இல்லாமல் போவது) பதில் ஒரு மிஸ் என்பதை யோசித்தால் அது ஏன் என்று புரியும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஃபோர்க் பேட்ச் மோசமான பேட்ச். காரணத்தைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் 4 பைட்டை எங்கே வைப்பது என்பது மட்டுமே பிரச்சினை என்று தெரிந்தது. உங்கள் 7 சதவீதத்துக்கும் அதே விசாரணை தேவை. முன்னேற்றம் என்பதால் அதற்கு விலக்கு கிடையாது. மெதுவானால் தோண்டித் துருவுகிறோம், வேகமானால் கொண்டாடிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். அளவீட்டில் இதைவிடப் பெரிய கேடு எனக்குத் தெரியவில்லை.

2020ல் நடந்த இன்னொன்று இதைவிட விசித்திரம். ஹார்டுவேர் பிழைகளைப் பதிவு செய்யும் எம்சிஇ பகுதியில், ஒரு ஸ்ட்ரக்டில் கேஃப்ளாக்ஸ் என்ற ஃபீல்டைச் சேர்த்த பேட்ச்சுக்கு வில்-இட்-ஸ்கேல் சோதனையில் 14.1 சதவீத வீழ்ச்சி என்று அதே ரோபோ அறிவித்தது. மெமரி ஒதுக்கும் சோதனைக்கும் ஹார்டுவேர் பிழைப் பதிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த நிரல் பகுதி சோதனையின்போது ஓடவே ஓடாது. ஒரு ஸ்ட்ரக்ட் பெரிதானதில் பெர்-சிபியு பகுதியில் (ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியாக வைக்கும் மாறிகளின் இடத்தில்) அதற்குப் பின்னால் இருந்த மற்றவர்களின் மாறிகள் இடம் நகர்ந்ததுதான் விஷயம்.

டேட்டாவுக்கு நடப்பது கோடுக்கும் (நிரலுக்கும்) நடக்கும். ஒரு டைரக்டரியில் செய்த மாற்றம், கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் அடுக்கும் வரிசையில் பின்னால் வரும் இன்னொரு டைரக்டரியின் ஃபங்ஷன்களை நகர்த்திவிடும். இது எவ்வளவு தொல்லை கொடுத்ததென்றால், எல்லா ஃபங்ஷன்களையும் ஒரே எல்லையில் கட்டாயமாகத் தொடங்கவைக்கும் ஒரு டீபக் விருப்பத்தையே கெர்னலில் சேர்த்தார்கள். 2020ல் 32 பைட்டாக வந்தது, பிறகு 64 பைட்டானது. ஒரு பகுதியில் செய்த மாற்றத்தால் வேறு பகுதியில் மாயமாக வேகம் கூடுவதையும் குறைவதையும் கண்டுபிடிக்கத்தான் இது என்று அதன் உதவிக்குறிப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. உங்கள் மூன்று இமேஜ்களையும் (மூன்று ஏன் என்று கீழே சொல்கிறேன்) இந்த விருப்பத்தோடு ஒருமுறை கட்டி ஓட்டுங்கள். 7 சதவீதம் அதோடு மறைந்தால் லாக்கைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஸ்கைலேக் வழிவந்த இன்டெல் சிப்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2019 நவம்பரில், ஜேசிசி எர்ரேட்டம் என்ற சிப் பிழைக்குத் தீர்வாக வந்த மைக்ரோகோடு (சிப்புக்கு உள்ளே ஏற்றும் திருத்தம்) அப்டேட்டுக்குப் பிறகு, 32 பைட் எல்லையைத் தாண்டும் அல்லது எல்லையில் முடியும் ஜம்ப் இன்ஸ்ட்ரக்ஷன்கள் டிகோட் செய்து வைத்த கேஷிலிருந்து வருவதில்லை. ஒரு லூப்பின் ஜம்ப் தற்செயலாக இரண்டு பைட் நகர்ந்து எல்லையில் விழுந்தால் போதும், ஒரு வரிகூட மாறாத ஃபங்ஷன் மெதுவாகிவிடும்.

கெர்னலுக்கு வெளியே இது இன்னும் முன்பே நிறுவப்பட்ட விஷயம். 2009ல் ஏஸ்ப்ளாஸ் என்ற கணினி ஆய்வு மாநாட்டில் மிட்கோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், யூனிக்ஸ் என்விரான்மென்ட் மாறிகளின் மொத்த அளவை மாற்றினாலே ஸ்டாக்கின் தொடக்க முகவரி நகர்ந்து, கம்பைலரின் ஆப்டிமைசேஷன் நிலைகளில் ஓ2-வைவிட ஓ3 வேகமா மெதுவா என்ற முடிவே தலைகீழாகலாம் என்று காட்டினார்கள். ஆப்ஜெக்ட் ஃபைல்களை லிங்க் செய்யும் வரிசையை மாற்றினாலும் அதேதான். 2013ல் கர்ட்சிங்கரும் பெர்கரும் ஸ்டெபிலைசர் என்ற கருவியைக் கட்டி, கோடு, ஸ்டாக், ஹீப் மூன்றின் லேஅவுட்டையும் ஓடும்போதே திரும்பத் திரும்பக் குலுக்கி அளந்தார்கள். எல்எல்விஎம் கம்பைலரில் ஓ2-விலிருந்து ஓ3-க்குப் போவதால் கிடைக்கும் வித்தியாசத்தை ஸ்பெக் சிபியு 2006 பெஞ்ச்மார்க் தொகுப்பில் இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. ஒரு கம்பைலர் அணியின் மொத்த உழைப்பே லேஅவுட் இரைச்சலில் கரைந்துபோகுமென்றால், ஒரு ஆட்ரிபியூட்டைக் குறித்துச் சந்தேகப்படுவதில் தவறென்ன?

இனி உங்கள் 30 ஓட்டங்களுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமான இடம்.

ஒரே ஒரு முறை பூட் செய்துவிட்டு 30 முறை ஓட்டினால் கிடைப்பது ஒரே லேஅவுட்டின் 30 அளவீடுகள். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகத்தான் செய்யும், ஏனென்றால் மாறக்கூடியது எதுவும் மாறவில்லை. அரை சதவீத விலகல் என்பது உங்கள் கடிகாரம் நன்றாக ஓடுகிறது என்பதற்குச் சாட்சி. பேட்ச்சைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. புள்ளிவிவரத்தில் மாதிரி என்று எண்ண வேண்டியது ஓட்டத்தை அல்ல, எத்தனை முறை பில்ட் செய்தீர்கள், எத்தனை முறை பூட் செய்தீர்கள் என்பதை. 30 ஓட்டம், 1 பில்ட், 1 பூட் என்றால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 1.

கேஏஎஸ்எல்ஆர் (பாதுகாப்புக்காகக் கெர்னலின் முகவரியை மாற்றும் வசதி) இருக்கிறதே, ஒவ்வொரு முறை பூட் செய்யும்போதும் முகவரி குலுங்குமே என்று பலர் நினைக்கிறார்கள். x86ல் அது கெர்னல் டெக்ஸ்ட் முழுவதையும் ஒரே கட்டியாக 2 எம்பி மடங்குகளில் நகர்த்துகிறது. உள்ளே ஃபங்ஷன்களுக்கு இடையேயான தூரம் அப்படியே இருக்கும், 64 பைட் எல்லையிலிருந்து அவை நிற்கும் தூரமும் அப்படியே இருக்கும். மாட்யூல்களும் பேஜ் அளவில்தான் நகர்கின்றன. கோருக்கு மிக அருகில் இருக்கும் 32 கேபி, 8 வழி எல்1 கேஷில் 64 செட்கள், அதாவது லைன்கள் போய் அமரும் 64 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 8 இடங்கள். எந்த செட் என்பதை முகவரியின் 6 முதல் 11 வரையான பிட்கள் முடிவு செய்கின்றன, அவை 4096 பைட் பேஜுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆகவே பேஜ் அளவில் எவ்வளவு குலுக்கினாலும் எல்1 மோதல்கள் மாறாது.

எல்2 கதை வேறு. 1 எம்பி, 16 வழி எல்2 என்றால் 1024 செட்கள், 6 முதல் 15 வரையான பிட்கள். மேல் 4 பிட்கள் பிசிக்கல் பேஜ் எண்ணிலிருந்து வருபவை. உங்கள் க்யூ ஸ்ட்ரக்டுகளுக்கு இந்த முறை பூட் செய்தபோது எந்த பிசிக்கல் பேஜ்கள் கிடைத்தன என்பதைப் பொறுத்து மோதல் கூடும், குறையும். ரீபூட் செய்யாமல் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றி பூட் செய்து அளங்கள். காலையில் பழையது முழுவதும், மாலையில் புதியது முழுவதும் என்று செய்தால் அறையின் வெப்பமும் கணக்கில் கலந்துவிடும். சிபியு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கவர்னரை நிலையாக வைப்பது, டர்போவை அணைப்பது, த்ரெட்களைக் கோர்களில் கட்டிப்போடுவது, சாக்கெட்டுகளுக்கு இடையே மெமரியை நகர்த்தும் தானியங்கி நூமா பேலன்சிங்கை நிறுத்துவது எல்லாம் செய்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது மூன்றாவது இமேஜ். மருந்துச் சோதனையில் வெற்று மாத்திரை கொடுப்பார்களே, அதுபோல ஒரு வெற்று பேட்ச் எழுதுங்கள். ஸ்ட்ரக்ட் அதே 256 பைட்டாக இருக்க வேண்டும். ஆனால் லாக்கும் வாசிப்பு ஃபீல்டுகளும் பழையபடி ஒரே லைனில் இருக்க வேண்டும், கூடுதல் பேடிங் கடைசியில் போகட்டும். அளவு மாறுவதால் வரும் எல்லா விளைவும் இதில் இருக்கும், நீங்கள் காரணம் என்று சொல்லும் பிரிவு மட்டும் இருக்காது. இதுவும் 7 சதவீதம் கொடுத்தால் உங்கள் விளக்கம் அங்கேயே விழுந்துவிடும்.

அப்படி நடக்க வாய்ப்பும் இருக்கிறது. 184 பைட் ஸ்ட்ரக்டுக்கு கேமேலாக்-192 (கெர்னலின் மெமரி கேட்கும் ஃபங்ஷனான கேமேலாக்குக்கான 192 பைட்) தொட்டியிலிருந்து இடம் கிடைத்துக்கொண்டிருந்தது, ஒரு 4096 பைட் பேஜில் 21 பொருள்கள். 256 ஆனதும் கேமேலாக்-256, பேஜுக்கு 16. பக்கத்து வீட்டுக்காரர்களே மாறிவிட்டார்கள். முன்பு 192 தொட்டியில் உங்கள் க்யூவோடு யார் யாரோ பேஜைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள், இப்போது வேறு ஆட்கள்.

இங்கே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்ரிபியூட் பேசுவது கம்பைலரிடம். ஸ்ட்ரக்டுக்குள் ஆஃப்செட்டை அது சரியாக வைக்கும், ஸ்டாட்டிக் மாறிகளுக்கும் வேலை செய்யும். கேமேலாக்கிடம் போய் அது எதுவும் சொல்வதில்லை. கெர்னலின் 5.4 பதிப்பிலிருந்து இரண்டின் அடுக்குகளான அளவுகளுக்கு இயல்பான அலைன்மென்ட் உறுதி தரப்பட்டிருக்கிறது, அதனால் 256ல் நீங்கள் தப்பித்தீர்கள். நாளை யாராவது ஒரு ஃபீல்டைச் சேர்த்து ஸ்ட்ரக்ட் 320 ஆனால் வேறு தொட்டி, வேறு கணக்கு. தனி கேமெம் கேஷ் (இந்த ஸ்ட்ரக்டுக்கு மட்டுமான தொட்டி) உருவாக்கி ஹார்டுவேர் கேஷ் அலைன் கொடியைப் போடுவதுதான் நேர்மையான வழி. ஸ்ட்ரக்டின் லேஅவுட்டைக் காட்டும் பேஹோல் என்ற கருவி தரும் ஆஃப்செட்டோடு நின்றுவிடாமல், ஓடும் கெர்னலில் பாயின்டரின் கடைசி 6 பிட்கள் பூஜ்யமா என்றும் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள்.

வெற்று பேட்ச் பூஜ்யம் காட்டி, உங்கள் பேட்ச் இன்னும் 7 காட்டினால், அடுத்தது காரணத்தை நேரடியாகப் பிடிப்பது. ஃபால்ஸ் ஷேரிங் (வெவ்வேறு ஃபீல்டுகளைத் தொடும் கோர்கள் ஒரே லைனுக்கு இழுபறி செய்வது) என்றால் ஒரு கோர் மாற்றி வைத்திருக்கும் லைனை இன்னொரு கோர் வாசிக்கப் போய் அங்கிருந்து இழுத்துவர வேண்டும். எல்1ல் நான்கைந்து சைக்கிளில் முடிய வேண்டிய வாசிப்பு, அடுத்த சாக்கெட்டிலிருந்து வந்தால் நூறு நானோ செகண்டைத் தாண்டிவிடும். இந்த நிகழ்வுக்கு ஹிட்எம் என்று பெயர். 4.10 பதிப்பிலிருந்து கெர்னலோடு வரும் பெர்ஃப் சி2சி (perf c2c) என்ற கருவி இதைத்தான் எண்ணுகிறது. பேட்ச்சுக்கு முன் ரெக்கார்ட் செய்து ரிப்போர்ட்டைத் திறங்கள். அதிகம் அடிபடும் லைன்களின் பட்டியல் மேலே இருக்கும். உங்கள் ஸ்ட்ரக்டின் லைன் அதில் முதல் சில வரிகளுக்குள் இருக்க வேண்டும். அதை விரித்தால் லைனுக்குள் எந்த ஆஃப்செட்டை எந்த ஃபங்ஷன் தொட்டது, எந்த நூமா நோடிலிருந்து (ஒரு சாக்கெட்டும் அதன் அருகிலுள்ள மெமரியும்) என்று தெரியும். உங்கள் விளக்கம் உண்மையென்றால் இரண்டு தனித்தனி ஆஃப்செட்கள் தெரிய வேண்டும்: லாக் இருக்கும் இடத்தில் ஸ்டோர்கள், வாசிப்பு ஃபீல்டு இருக்கும் இடத்தில் ஹிட்எம். எல்லா ஹிட்எம்மும் லாக்கின் ஆஃப்செட்டிலேயே குவிந்திருந்தால் அது உண்மையான போட்டி, ஃபால்ஸ் ஷேரிங் அல்ல. லாக்கை எங்கே நகர்த்தினாலும் அது கூடவே வரும். பேட்ச்சுக்குப் பின் அந்த வாசிப்பு ஆஃப்செட்டின் ஹிட்எம் சரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு ரிப்போர்ட்களின் நாலைந்து வரிகள் 30 ஓட்டங்களின் சராசரியைவிட எனக்கு அதிகம் சொல்லும். ஹிட்எம் எண்ணிக்கை லோடுகளிலிருந்து வருவது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு கோர்களும் எழுத மட்டுமே செய்யும் லைனை அது குறைத்துக் காட்டும், அப்போது ஸ்டோர் நெடுவரிசையைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் தொடங்குமுன் செய்யக்கூடிய மலிவான சோதனை ஒன்று உண்டு. ஒரே ஒரு த்ரெட்டில் ஓட்டுங்கள். கோர்களுக்கு இடையே லைன் போய்வருவதுதான் செலவு என்றால், ஒரு த்ரெட்டில் வித்தியாசம் பூஜ்யமாகி, கோர்கள் கூடக்கூட வளர வேண்டும். ஒரு த்ரெட்டிலும் 7 சதவீதம் தெரிந்தால் அது ஃபால்ஸ் ஷேரிங் கிடையாது. கோடு அலைன்மென்ட்டோ, தொடும் லைன்களின் எண்ணிக்கையோதான் காரணம்.

தொடும் லைன்களின் எண்ணிக்கை என்பது தனி விஷயம், அதுவும் மதிப்புள்ளதே. கெர்னலின் 6.8 பதிப்பில் நெட்வொர்க் பகுதியின் மைய ஸ்ட்ரக்டுகளை மாற்றி அடுக்கினார்கள். பல இணைப்புகள் ஒரே சமயம் ஓடும்போது டிசிபி வேகம் 40 சதவீதம் வரை கூடும் என்று அறிவித்தார்கள். 40 என்பது பெரிய எண், சந்தேகத்தைக் கிளப்ப வேண்டிய எண். ஆனாலும் அது ஏற்கப்பட்டது. ஸ்ட்ரக்டுகளின் ஒவ்வொரு ஃபீல்டையும் எடுத்து, அனுப்பும் பாதையில் வாசிக்கப்படுகிறதா எழுதப்படுகிறதா, பெறும் பாதையில் எப்படி என்று அட்டவணை போட்டு, அதைக் கெர்னல் ஆவணத்திலேயே சேர்த்தார்கள். ஒன்றாகத் தொடப்படுபவை ஒன்றாக அடுக்கப்பட்டன. இணைப்புகள் கேஷுக்குள் அடங்காத அளவுக்குப் பெருகும்போது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தொடும் லைன்கள் குறைந்தால் ஏன் லாபம் என்பது யாருக்கும் புரியும். காரணம் முதலில் வந்தது, எண் அதன் பின்னால் வந்தது. உங்கள் பேட்ச் எந்த வகை என்று நீங்கள் முதலில் சொல்ல வேண்டும். பிரித்து வைப்பதால் லாபமா, சேர்த்து வைப்பதால் லாபமா? இரண்டும் எதிரெதிர்த் திசைகள்.

பேடிங்குக்கு விலையும் உண்டு. மெமரி பேஜ்களை விவரிக்கும் ஸ்ட்ரக்ட் பேஜ் 64 பைட்தான், ஆனால் ஒவ்வொரு 4096 பைட் பேஜுக்கும் ஒன்று என்பதால் 16 ஜிபி மெஷினில் அது 256 எம்பி. அதை இன்னொரு லைனுக்கு நீட்டலாம் என்று யாரும் துணிவதில்லை. உங்கள் க்யூ ஸ்ட்ரக்ட் மெஷினுக்குச் சில டஜன் என்றால் 72 பைட் ஒரு பொருட்டல்ல. இணைப்புக்கு ஒன்று என்றால் கணக்கே வேறு.

எந்த மெஷின் என்பதும் எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும். இன்றைய x86ல் லைன் 64 பைட், பவர் சிப்களில் 128, ஐபிஎம்மின் எஸ்390ல் 256. பல மெஷின்களை ஒன்றாக இணைக்கும் வீஎஸ்எம்பி என்ற ஒரு x86 தளத்துக்காகக் கெர்னல் நோடுகளுக்கு இடையேயான அலைன்மென்ட்டை 4096 பைட்டாகவே வைத்திருக்கிறது. 64 பைட் லைன் உள்ள இன்டெல் மெஷினிலும், பக்கத்து லைனையும் சேர்த்து இழுக்கும் ப்ரீஃபெட்சர் இருப்பதால் நடைமுறையில் 128 பைட் ஜோடியாக நடந்துகொள்வதுண்டு. சர்வர் சிப் என்றால் 0x1A4 எம்எஸ்ஆரின் (சிபியுவின் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்டரின்) பிட் 1ஐ ஏற்றி அதை அணைத்துவிட்டு மறுபடி அளங்கள். அணைத்ததும் முடிவு மாறினால், லாக் இப்போது நிற்கும் லைனின் ஜோடி யார் என்று பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, நீங்கள் ஓட்டிய பெஞ்ச்மார்க். ஒரே சிஸ்டம் அழைப்பை (கெர்னலிடம் நிரல் வேலை கேட்கும் அழைப்பை) இறுக்கமான லூப்பில் அடிக்கும் சோதனைகள் பிரச்சினையைப் பெரிதாக்கிக் காட்டத்தான் எழுதப்பட்டவை, அந்த வேலையை அவை நன்றாகவே செய்கின்றன. 95 சதவீத நேரம் ஒரே லாக்கில் செலவாகும் நிரல் நிஜத்தில் அரிது. பாக்கெட்டுகள் உண்மையாகவே ஓடும் ஒரு சோதனையையும் சேர்த்துக் காட்டுங்கள். அதில் 7 சதவீதம் 1 ஆகச் சுருங்கினாலும் பரவாயில்லை. காரணம் தெரிந்த 1 சதவீதத்தை நான் ஏற்பேன், காரணம் தெரியாத 7ஐ ஏற்க மாட்டேன்.

எல்லாம் பார்த்து லாக்தான் காரணம் என்று உறுதியானால், பேடிங் போடுமுன் பேஹோல் காட்டும் ஓட்டைகளைப் பாருங்கள். வாசிப்பு ஃபீல்டுகளை மேலே நகர்த்தி அடுக்கினாலே 192க்குள் பிரிவு கிடைக்கலாம், அப்போது தொட்டி மாறும் கேள்வியே எழாது. கமிட் மெசேஜில் மெஷின், கான்ஃபிக், எத்தனை பூட்கள், வெற்று பேட்ச்சின் முடிவு, பழைய ஆஃப்செட், புதிய ஆஃப்செட், சி2சி ரிப்போர்ட்டின் அந்த லைன் ஆகியவற்றை எழுதுங்கள். அதோடு 6.8ல் நெட்வொர்க் ஸ்ட்ரக்டுகளோடு வந்த கேஷ் லைன் குழு மேக்ரோக்களைப் போட்டு, எந்த ஃபீல்டு எந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்பதை பில்ட் நேரத்திலேயே சரிபார்க்க வையுங்கள். அடுத்த வருடம் யாரோ 4 பைட் ஃபீல்டு ஒன்றைத் தவறான இடத்தில் நுழைத்தால், ரோபோவின் அறிக்கைக்குக் காத்திருக்காமல் அவருடைய கம்பைலரே நிறுத்திவிடும்.